பினாங்கு வீடு யார் பெயரில்

அப்பா பிழைக்கப் போன பினாங்கில் ஒரு வீடு வாங்கியிருந்தார். அம்மா நகைகளை விற்று அனுப்பிய பணத்தில் வாங்கியது. வாசலில் ரம்புத்தான் மரம் நிற்கிறது என்றெல்லாம் எழுதியவர், யுத்தம் முடிந்து கொஞ்ச காலத்தில் எழுதுவதையே நிறுத்திவிட்டார். நாங்கள் மகாபலிபுரத்தில் மாமா வீட்டில், அத்தை முகம் சுளித்துப் போடும் சோற்றைத் தின்றுகொண்டிருந்தோம். அந்த வீட்டை விற்றால் எங்களுக்கென்று ஒரு கூரை கிடைக்கும். அம்மாவுக்கு வேறு நினைப்பே இல்லை.

செங்கல்பட்டு வக்கீல் ஒருவர் வழி சொன்னார். பினாங்கு நில ஆபீசில் கட்டணம் கட்டினால் யார் சொத்தையும் யாரும் பார்க்கலாமாம். அங்கே அவருக்குத் தெரிந்த வக்கீல் இருந்தார். எல்லாம் பேசி முடித்த பிறகு, "அப்படியே இறப்புப் பதிவையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

மாமா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "இன்னா சார் பேசறீங்க? பூவும் பொட்டுமா எதிர்ல குந்திகினு கீறா எந்தங்கச்சி. அதுல போயா அவர் பேரைத் தேடறது?"

அம்மா தாலியைப் பிடித்துக்கொண்டாள். சாவை வாயால் சொன்னாலே நடந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் நாங்கள். எனக்கும் அன்றைக்கு வக்கீல் மேல்தான் கோபம். ஆகவே நிலப் பதிவில் மட்டும் தேடப்பட்டது.

அவர் பெயரில் இப்போது சொத்து எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

"வித்துட்டாரு," என்றார் மாமா. அம்மா வாய்க்கு வந்தபடி அப்பாவைத் திட்டினாள். திட்டிவிட்டு வெள்ளிக்கிழமை அவர் நல்லபடியாக இருக்க வேண்டுமென்று விளக்கேற்றினாள். விற்ற மனுஷன் ஒரு வரி எழுத மாட்டாரா? இதை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. வீட்டில் யாருமே கேட்கவில்லை.

யாருக்கு விற்றார் என்று மறுபடி எழுதிக் கேட்கச் சொன்னோம். பதில் வந்திருப்பதாகத் தகவல் வந்த அன்று, போகிற வழியில் திருக்கழுக்குன்றத்தில் இறங்கி மலையேறினோம். உச்சியில் குருக்கள் சர்க்கரைப் பொங்கலோடு பாறையில் உட்கார்ந்து, தினமும் மதியம் வந்து தின்னும் கழுகுகளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வெயில் சாய்ந்த பிறகும் அவை வரவில்லை. பாவி இருக்கிற இடத்துக்குக் கழுகு வராது, இந்தக் கூட்டத்தில் யாரோ இருப்பதாக ஒருவர் முணுமுணுத்தார். அம்மா யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கினாள்.

வக்கீல் ஆங்கிலக் கடிதத்தைத் தானே படித்து, தமிழில் மெதுவாகச் சொன்னார். வீடு விற்கப்படவில்லை. வீட்டுச் சொந்தக்காரர் இறந்து சில வருஷம் ஆகிறது. அங்கே அவர் கட்டிக்கொண்ட இன்னொரு மனைவியின் பெயருக்கு வீடு மாறியிருக்கிறது.

"நீங்களும் பங்கு கேட்கலாம்மா. ஆனா மனுவுல, இறந்தவரோட விதவைன்னு கையெழுத்துப் போடணும்."

மாமா தலையில் அடித்துக்கொண்டார். நான் அழுதேன். அம்மா அழவில்லை.

"அவ பொட்டை அழிச்சிருப்பா இல்ல?" என்று கேட்டாள்.

"யாரும்மா?"

"அங்க கீறவ."

வக்கீல் தயங்கினார். "அழிச்சிருப்பாங்கம்மா."

"அவருக்கு ஒருத்தி அழிச்சது போதும். வூடும் அவகிட்டயே இருக்கட்டும்," என்று எழுந்துவிட்டாள்.

பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில் பூக்காரியைக் கூப்பிட்டு ஒரு முழம் மல்லிகை வாங்கினாள். அதை என் கையில் கொடுத்துவிட்டு, என் பக்கம் முதுகைத் திருப்பி நின்றாள். மாமா எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

"வைடி," என்றாள்.