மாடி ஏறும் பெட்டிகள்

தூக்கிப் போடுவதற்கென்று முன்வாசல் வழியாக ஒரு பெட்டி காருக்குப் போகிறது. மனைவி குளிக்கப் போனதும் அதே பெட்டி சமையலறைக் கதவு வழியாக உள்ளே நுழைந்து, சத்தமில்லாமல் மாடி ஏறிவிடுகிறது. தூக்கிச் செல்பவர் மெக்கானிக். லிஃப்ட் பழுது பார்த்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். அக்கம்பக்கத்தில் இன்றும் அதுதான் பெயர்.

அவருக்கு எதுவும் குப்பையில்லை. கைப்பிடி போன ஸ்க்ரூடிரைவர், ஒற்றைக் கதவுக்கீல், எந்தப் போனுக்கும் சேராத சார்ஜர், மூடி மட்டும் மிஞ்சிய குக்கர். எதைக் காட்டினாலும் ஒரே பதில்: "இருக்கட்டுமே, சோறா கேக்குது?" தூக்கிப் போடச் சொன்னால் முதலில் அதைச் சட்டை நுனியால் துடைப்பார். துடைத்தால் பளபளக்கும். பளபளக்கிறதை யாராவது எறிவார்களா?

வீடு விற்பனைக்கு வருகிறது. தரகுக்காரப் பெண் அறை அறையாகப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அங்கிள், வர்றவங்க வீட்டைப் பாக்கணும். இப்ப உங்க சாமானைத்தான் பாக்க முடியுது."

"நல்ல சாமான்தானேம்மா? வேணும்னா அதையும் சேத்தே குடுத்துடலாம்."

"அப்புறம் வீடே வேணாம்னுடுவாங்க அங்கிள்!"

விற்றே ஆகவேண்டும். மனைவியின் முழங்கால் மடங்க மறுக்கிறது. படுக்கையறை மாடியில், அவள் படுப்பதோ மாதக்கணக்காகக் கூடத்து சோபாவில். படியே இல்லாத வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். இது போனால்தான் அது. "ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டுனீங்க, பொண்டாட்டிக்கு ஒரு கயிறாவது தொங்கவிட்டீங்களா?" என்பாள். அவர் வாய்விட்டுச் சிரிப்பார். சிரித்துவிட்டு, அன்று முழுக்க அவளுக்கு டீ போட்டுக் கொடுப்பார்.

ஆனாலும் பழக்கம் விடுமா? அவள் ஏற முடியாத மாடிதான் அவருக்குக் கிடங்கு. கீழே வீடு பளிச்சென்று ஆக ஆக, மேலே நடக்க இடமில்லை. "ஒரு ஆணியக்கூட விடாத மனுஷன்டி, இப்ப எப்படித் தூக்கிப் போடறார் தெரியுமா!" என்று மகளிடம் அவள் போனில் பெருமையடித்தது அவர் காதிலும் விழுந்தது. கூச்சமாகத்தான் இருந்தது. பெட்டிகளையாவது கொஞ்சம் ஒழுங்காக அடுக்கிவைத்தார்.

வீடு பார்க்க ஆள் வருவதற்கு முதல் நாள், எதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளலாம் என்று அவர் மேலே நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது படியில் ஏதோ உரசியது. எட்டிப் பார்த்தார். மனைவி! உட்கார்ந்தபடியே, கைகளைப் பின்னால் ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக ஏறி வந்துகொண்டிருந்தாள். மடியில் துடைப்பம்.

"என்னம்மா பண்றே?"

"வர்றவங்க மாடியையும் பாப்பாங்கல்ல? ஒரு வாட்டி பெருக்கிடறேன். நீங்க பாவம், எல்லாத்தையும் ஒத்தையாவே தூக்கிப் போட்டீங்க."

மெக்கானிக் கையை நீட்டித் தடுத்தார்.

"அங்கயே இரு. மேல வராத."

உள்ளே போனவர் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தார். அவள் கழுத்தைத் திருப்பிப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இன்னும் எவ்ளோ இருக்கு?"

"கொஞ்சந்தான்."

"கொஞ்சம்னா?"

"ரூம் முழுக்க."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பில் துடைப்பம் மடியிலிருந்து நழுவி, படிகளில் தடதடவென்று கீழே போய் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் இறங்க வழிவிட்டுச் சுவரோடு ஒண்டிக்கொண்டாள். பெட்டி தன்னைக் கடக்கும்போது அதற்குள் கையை விட்டுத் துழாவினாள். விரல் நீளத்துக்கு ஒரு ஸ்பேனர் அகப்பட்டது. அதை எடுத்து அவர் சட்டைப்பையில் செருகி, மேலே ஒரு தட்டுத் தட்டினாள்.