சத்தத்தைக் கூட்டினேன்

மூன்று ஐம்பத்திரண்டு.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்கிறேன் என்கிறீர்களா? போனில் இருக்கிறது. முதல் மிஸ்டு கால் அந்த நேரத்தில்தான் வந்தது. அதற்குப் பிறகு இன்னும் பதினெட்டு.

போன வாரம் இதே இடத்தில், பிள்ளைகளுக்குப் பொறுப்பு வர என்ன செய்ய வேண்டும் என்று நீட்டி முழக்கி எழுதியிருந்தேன். நிறைய பேர் பாராட்டியிருந்தீர்கள். தயவுசெய்து அதை மறந்துவிடுங்கள்.

என் மகள் யாழினி பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரி திறக்கக் காத்திருக்கிறாள். அவளும் தோழிகள் நான்கு பேரும் பாண்டிச்சேரிக்குப் போய் ஒரு புதுப்படம் பார்ப்பதாகத் திட்டம். எனக்கு அனுப்ப மனசில்லை. ஈசிஆர் ரோட்டில் பஸ்கள் போகிற வேகம் தெரியாதா? தியேட்டர் கூட்டம், திரும்பி வருவதற்குள் இருட்டிவிட்டால், போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டால்... ஒரு அம்மாவுக்குக் காரணமா கிடைக்காது?

“அடுத்த வாரம் பார்க்கலாம்” என்றே மூன்று வாரம் இழுத்தேன். அதற்குள் படம் ஓடிடி ஆப் வழியாக வீட்டுக்கே வந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. அந்த ஆப்புக்கு ஏற்கெனவே வருஷச் சந்தா கட்டியிருக்கிறோம். ஆனால் புதுப்படம் வேண்டுமென்றால் தனியாகக் கட்ட வேண்டும். கோயிலுக்குள் போன பிறகும் சிறப்பு தரிசனத்துக்குத் தனி டிக்கெட் வாங்குகிற மாதிரி. ஒருமுறை ப்ளே பட்டனை அழுத்திவிட்டால் நாற்பத்தெட்டு மணி நேரம்தான் கெடு. நான் யோசிக்கவே இல்லை, கட்டினேன். பெண் கண்ணெதிரே இருப்பாள் அல்லவா? அந்த நிம்மதிக்கு என்ன விலை வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

“தியேட்டர்ல பாக்கற மாதிரி வருமாம்மா?” என்றாள் யாழினி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

“வர வெக்கறேன் பாரு” என்றேன்.

வர வைத்தேன். அதுதான் என் குற்றம்.

ஹால் ஜன்னல்களை எல்லாம் சாத்தினேன். திரைச்சீலைக்கு மேல் போர்வையைத் தொங்கவிட்டேன். ஏசி போட்டேன். போன தீபாவளிக்கு வாங்கிய பெரிய ஸ்பீக்கரை டிவியோடு இணைத்தேன். “தியேட்டர்னா தியேட்டர். யாரும் போன் பாக்கக் கூடாது” என்று சட்டம் போட்டேன். அவள் போன், என் போன், இரண்டையும் சைலன்ட்டில் வைத்து, சமையலறை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன். வெளி கேட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினேன்.

கேட்டுக்கு எதற்குப் பூட்டு? எதிர்வீட்டில் மூன்று பிள்ளைகள். எங்கள் வீட்டில் டிவி சத்தம் கேட்டால் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சோபா முழுக்க முறுக்குத் தூள். தனியாகப் பணம் கட்டி எடுத்த படம்... அவர்களுக்கும் சேர்த்தா கட்டினேன்? அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன். எழுதும்போது கை கூசுகிறது.

இப்போது இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும்.

நான் ஸ்கூல் டீச்சர். ஆனால் வீட்டுக்காரர் பங்குக்குக் கொஞ்சம் உப்பளம் இருக்கிறது. மரக்காணத்தில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர். அந்த வாரம் வெயில் நன்றாக அடித்து, நல்ல உப்பு இறங்கியிருந்தது. வாரிக் கரையில் ஆறு குவியலாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். திங்கள்கிழமை காலை லாரி வருவதாக ஏற்பாடு. குவியலை மூட்டை பிடித்து ஏற்ற ஏழு பெண்களுக்கு நான்கு நாள் வேலை. அவர்களுக்குத் தலைமை மாதிரி அஞ்சலை. மேற்பார்வைக்கு ஏழுமலை மேஸ்திரி.

கோடை மழைக்கு உப்பளத்தில் ஒரே வைத்தியம்தான். வானம் கறுத்ததும் ஓடிப்போய்க் குவியல்மேல் தார்ப்பாய் போட்டுக் கட்ட வேண்டும். பாத்திகளில் மழைத் தண்ணீர் நிறைந்தால், திரும்ப உப்பு வாரப் பத்து நாளாவது ஆகும். அந்தப் பத்து நாளும் அந்தப் பெண்களுக்கு வேலை கிடையாது. ஆனால் குவியல் நனையாமல் இருந்தால் மூட்டை வேலையாவது கையில் நிற்கும்.

தார்ப்பாய்கள் அளத்து ஷெட்டில் இருந்தன. ஷெட்டுக்குப் பூட்டு. சாவி?

என் வீட்டுக் காலண்டர் ஆணியில்.

ஏப்ரலில் இரண்டு தார்ப்பாய்களைக் காணவில்லை. அளத்துக்குப் போய், எல்லாரையும் நிற்க வைத்து, வகுப்பில் பென்சில் தொலைந்த மாதிரி விசாரித்தேன். “இனிமே சாவி எங்கிட்டயே இருக்கட்டும்” என்று வாங்கி வந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து அவை கிடைத்தன. எங்கே? பக்கத்து ஊர் பிரம்மதேசத்தில், வீட்டுக்காரருடைய அண்ணன் களத்தில், நெல்லை மூடிக்கொண்டு. இவர்தான் எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு மறந்திருக்கிறார்.

கிடைத்துவிட்டது என்று அளத்தில் யாரிடமும் நான் சொல்லவில்லை. சாவியையும் திருப்பித் தரவில்லை. தந்தால் நான் பேசியது தப்பு என்று ஆகிவிடுமே?

சரி, படத்துக்கு வருகிறேன். மூன்று நாற்பதுக்கு ஆரம்பித்தோம். வீட்டுக்காரர் ஒரு கல்யாணத்துக்குத் திண்டிவனம் போயிருந்தார். நானும் யாழினியும் மட்டும். பாப்கார்ன்கூடப் பொரித்தேன். அரை மணி நேரத்தில் அவளுக்கும் முகம் மலர்ந்துவிட்டது. என் தோளில் சாய்ந்துகொண்டாள். எத்தனை மாதமாயிற்று அவள் அப்படிச் சாய்ந்து...

அப்போதுதான் கேட் ஆடுகிற சத்தம்.

யாழினி நிமிர்ந்தாள். “அம்மா, யாரோ கூப்புடறாங்க.”

“எதுத்த வீட்டுப் பசங்கதான். பேசாம இரு.”

“இல்லம்மா, டீச்சர் டீச்சர்னு கேக்குது.”

“தெருவே என்னை டீச்சர்னுதான் கூப்புடுது. தொறந்தே, மூணும் வந்து உக்காந்துக்கும். பாத்துக்க.”

“போய்ப் பாத்துட்டாவது வரேனே...”

“உக்காருடி. காசு கட்டிப் பாக்கறோம்.”

ரிமோட்டை எடுத்தேன். இருபத்தெட்டில் இருந்த சத்தத்தை முப்பத்தாறு ஆக்கினேன்.

கேட் இன்னும் கொஞ்ச நேரம் ஆடியிருக்கும். எனக்குக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றுதானே கூட்டினேன்?

படத்தில் கிளைமாக்ஸுக்கு முன்னால் ஒரு மழைச் சண்டை. மின்னல், இடி, கொட்டுகிற மழை. ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது. “செம சவுண்டும்மா! தியேட்டர் தோத்துது போ!” என்று யாழினி கத்தினாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பார்த்தாயா, உன் அம்மா எப்படி வர வைத்தாள்?

சட்டென்று கரண்ட் போனது.

டிவி அணைந்தது. ஸ்பீக்கர் அணைந்தது. ஏசி நின்றது.

மழை மட்டும் நிற்கவில்லை.

ஹால் முழுக்க இருட்டு. யாழினிதான் முதலில் எழுந்து போர்வையை இழுத்துப் போட்டாள். வெளியே தெரு தெரியவில்லை. அவ்வளவு தண்ணீர்.

அரிசி டப்பாவைத் திறந்தேன். ஏழுமலை மேஸ்திரி பதினோரு முறை. வீட்டுக்காரர் எட்டு முறை. அவற்றுக்கு நடுவே ஆப்பிலிருந்து ஒரு செய்தி, நின்ற இடத்திலிருந்து படத்தைத் தொடரலாம் என்று. முப்பது சொச்சம் நிமிடப் படம் பாக்கி, கெடு இன்னும் இரண்டு நாள் கிட்ட.

ஷெட் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஸ்கூட்டி சாவியை எனக்குச் சரியாகச் செருகக்கூட வரவில்லை. “நவுரும்மா” என்று யாழினி அதைப் பிடுங்கிக்கொண்டாள். எந்த ஈசிஆர் ரோட்டில் அவளை பஸ்ஸில்கூட விட மாட்டேன் என்றேனோ, அதே ரோட்டில், கொட்டுகிற மழையில், அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்து போனேன். ஹெல்மெட்டுக்குள் அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தைரியமும் இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை தூறலாகியிருந்தது. பாத்திக்கும் கரைக்கும் வித்தியாசம் இல்லாமல் தண்ணீர். குவியல்கள் அப்படியே அடியோடு போய்விடவில்லை. போயிருந்தால்கூடத் தேவலை. வெள்ளை வெளேர் என்றிருந்தவை சரிந்து, சேறு கலந்து, சாம்பல் நிறத்தில் குந்திக்கொண்டிருந்தன. ஒன்றின்மேல் மட்டும் காலிச் சாக்குகளைப் பரப்பி, கல்லை வைத்திருந்தார்கள். பக்கத்திலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்கள் ஷெட் கூரையின் ஓரத்தில் நனைந்துபோய் ஒடுங்கி நின்றார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

ஷெட் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஏழுமலை மேஸ்திரி.

“ஏன் மேஸ்திரி, இந்தப் பூட்டு ஒரு பூட்டா? ஒரு கல்லால தட்டியிருந்தா தொறந்திருக்குமே!”

அப்போதும் பாருங்கள், என் வாயில் கேள்விதான் வந்தது. மன்னிப்பு வரவில்லை.

ஏழுமலை தலைத் துண்டைப் பிழிந்தார். “தொறந்திருக்கும் டீச்சர். கல்லு எடுத்துக்கினு கிட்டகூடப் போனேன். ரெண்டு தார்ப்பாய் காணோம்னு அன்னிக்கு நிக்க வெச்சிக் கேட்டீங்களே, அது நெனப்பு வந்திச்சி. அப்பறம் எவன் அந்தப் பூட்டுல கைய வெப்பான்?”

“அது... கிடைச்சிடுச்சி மேஸ்திரி” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“எது?”

“தார்ப்பாய். அப்பவே கிடைச்சிடுச்சி. எங்க வீட்டுக்காரரோட அண்ணன் களத்துல இருந்திச்சி.”

அவர் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். அந்தப் பெண்களில் ஒருத்தி மட்டும், “நல்லதாப் போச்சி” என்றாள். யாழினி திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த விஷயம் அவளுக்கும் அப்போதுதான் தெரியும்.

தியேட்டரில் இன்டர்வெல் என்று ஒன்று உண்டு. கதவைத் திறப்பார்கள். டீ குடிக்க வெளியே வருகிற யாராவது, “என்னாப்பா, வானம் இப்படி இருக்குது!” என்பார்கள். வீட்டில் நான் அதைக்கூட விட்டுவைக்கவில்லை. வெளியே இருப்பவர்கள் உள்ளே வரக் கூடாது என்றுதான் தனியாகப் பணம் கட்டுகிறோமோ என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படித்தானா, தெரியவில்லை. என் வீட்டில் அப்படித்தான்.

“லாரிக்காரன்கிட்ட சொல்லிட்டேன், நாளைக்கு வர வேணாம்னு” என்றார் மேஸ்திரி. “இத்த எவனும் ஏத்த மாட்டான்.”

“அஞ்சலை எங்க?” என்று கேட்டேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “இன்னா டீச்சர் இப்படிக் கேக்கறீங்க? போன் போவல, நேர்லயே போய்ச் சாவி வாங்கியாரேன்னு ஒரு பைக்குக்காரன் பின்னால ஏறிக்கினு உங்க வூட்டுக்குத்தான் போச்சி. நீங்க சாவியோட வந்ததும் அது பின்னாலேயே வருதுன்னு இல்ல நெனச்சேன்!”

கேட் ஆடிய சத்தம் எனக்கு இப்போது நன்றாகக் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் வந்தாள். நாங்கள் ரோட்டு வழியாக வந்துவிட்டோம். அவள் எங்கள் கேட்டில் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, திரும்பக் குறுக்குவழியில், கரைமேல் நடந்தே வந்திருக்கிறாள். புடவை உடம்போடு ஒட்டியிருந்தது. செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். நேராக ஆறு குவியலையும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். குனிந்து ஒரு கைப்பிடி உப்பை எடுத்து, சேற்றைப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். அப்புறம்தான் எங்களிடம் வந்தாள்.

கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். யாழினி என் பக்கத்திலிருந்து இரண்டடி நகர்ந்து, அவள் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

அஞ்சலை முகத்துத் தண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“படம் முடிஞ்சிடுச்சா டீச்சர்?”