எஸ்தர் அறை ஒதுக்கிய வருஷம்

போன வாரம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பழைய கல்லூரி அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞர் பேசினார். "மேடம், நம்ம எஸ்தர் அம்மா கர்த்தருக்குள்ள நித்திரையடைஞ்சிட்டாங்க" என்றார். சர்க்கரை நோய் காலில் ஆரம்பித்துச் சிறுநீரகத்தில் வந்து முடித்துவிட்டதாம். நான் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். "ஞாபகார்த்த மலர் ஒண்ணு போடுறோம் மேடம். நீங்க அவங்களோட ஹாஸ்டல்ல இருந்தவங்க. ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. நல்ல விஷயமா மட்டும் இருக்கட்டும்னு தாளாளர் ஐயா சொல்லச் சொன்னாங்க."

உடம்பு இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேரவில்லை. அதற்குள் அவரைப் பற்றி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று வேலி போட்டாயிற்று. சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஆனால் இது அந்த மலருக்கு எழுதியது இல்லை. அந்த விடுதியில் படுத்து எழுந்து, அந்தச் சாம்பாரைக் குடித்து, அந்தத் தண்ணீரில் குளித்துச் சொறி வாங்கிக்கொண்ட எல்லோருக்கும் எழுதுகிறேன். எஸ்தரை உங்களுக்குத் தெரியும். அவரை ஏன் வார்டன் வேலையிலிருந்து இறக்கினார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது.

வேலப்பன்சாவடியைத் தாண்டி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகும் சின்னக் கிறிஸ்தவக் கல்லூரி அது. ஒரு ஆலயம், தகரக் கூரை போட்ட மெஸ், பெண்கள் விடுதி, எப்போதும் பூட்டியிருக்கும் ஒரு நோயாளி அறை. நான் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். தமிழ் சொல்லிக்கொடுக்க வந்து, விடுதியிலேயே தங்கும் ஆசிரியையாகவும் ஆனேன். எண்பதுகளின் நடுவில் எஸ்தர் அங்கே வார்டனாக வந்தார். அவருக்குச் சொந்த ஊர் அம்பத்தூர் கள்ளிக்குப்பம். தாத்தா காலம் வரை மற்றவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். அப்பா தொழிற்பேட்டையில் மூட்டை ஏற்றியவர். சரோஜாவாக இருந்தவர், ஆவடியில் ஃபிட்டராக இருந்த ஒரு கிறிஸ்தவரைக் கட்டிக்கொண்டு எஸ்தர் ஆனார். தபால் வழியில் பி.ஏ. முடித்திருந்தார். புருஷனோடும் பெண் குழந்தையோடும் விடுதிக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் குடியேறினார்.

வந்த முதல் நாளே மெஸ்ஸில் ரகளை. சாம்பார் அண்டாவில் கரண்டியை விட்டுத் துழாவிவிட்டு, சமையல்காரரை நிமிர்ந்து பார்த்து, "இன்னா அண்ணாத்தே, இது சாம்பாரா, இல்ல இப்போ நான் கை கழுவுன தண்ணியா?" என்று கேட்டார். பெண்கள் தட்டைத் தட்டிச் சிரித்தார்கள். சாம்பார் ஒரு வாரம் கெட்டியாக இருந்தது. ஆனால் அவர் பேசிய பாஷை அதற்குள் தாளாளர் வீடு வரை போய்விட்டது. ஒரு வார்டன் இப்படி ரிக்‌ஷாக்காரர் மாதிரி பேசினால் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்ளும் என்று தாளாளரின் மனைவி வருத்தப்பட்டார். நான் இதை எஸ்தரிடம் சொன்னபோது, "பசிச்சா இங்கிலீஷ்லயா மிஸ் பசிக்குது?" என்றார். அதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

ஞாயிறு ஆராதனைக்கு விடுதிப் பெண்கள் அத்தனை பேரும் வர வேண்டும் என்பது சட்டம். இந்துப் பெண்களும்தான். ஒரு ஞாயிறு, ஆவடிப் பெண் ஒருத்தி காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தாள். நோயாளி அறையின் நர்ஸ் பாடகர் குழுவில் இரண்டாவது வரிசையில் நின்று அல்லேலூயா பாடிக்கொண்டிருந்தார். சாவி அவர் கைப்பையில் இருந்தது. எஸ்தர் ஆலயத்துக்குள் வந்து நர்ஸைக் கூப்பிட்டுப் பார்த்தார். நர்ஸ் விரலை வாயில் வைத்துக் காட்டிவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தார். எஸ்தர் காய்கறி வேனில் அந்தப் பெண்ணைப் படுக்கவைத்துப் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மஞ்சள் காமாலை. மறுநாள் முதல்வர் எஸ்தரைக் கூப்பிட்டு, ஆராதனைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார். நர்ஸை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "வண்டில போய்கினே ஜெபம் பண்ணேன் சார்" என்றார் எஸ்தர். அது பொய் இல்லை. வழியெல்லாம் கர்த்தரையும் கன்னியம்மனையும் சேர்த்தே கூப்பிட்டதாக வேன் டிரைவர் என்னிடம் சொன்னார்.

இனி விடுதி. பழைய பிளாக்கில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குளியலறைச் சாக்கடை அடைத்துக்கொண்டு தண்ணீர் கணுக்கால் வரை நிற்கும். அதில் தலைமுடிச் சுருளும் சோப்பு நுரையும் வேறு பெயர் சொல்ல முடியாததும் மிதக்கும். செங்கல்லைப் போட்டு, அதன் மேல் நின்று குளிப்பார்கள். அந்த வாடை துணியில் ஏறி வகுப்பு வரை வரும். முன் பெஞ்சில் உட்கார்ந்த பெண் பின்னால் திரும்பி மூக்கைப் பிடிப்பாள். குத்தம்பாக்கத்திலிருந்தும் திருமழிசைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வந்த பெண்கள்தான் வருஷா வருஷம் அங்கே. பஸ்ஸை நம்பிப் படிக்க முடியாமல் விடுதிக்கு வந்தவர்கள். ஏதாவது சொன்னால், "வீட்ல இதுகூட இல்லையே" என்று அலுவலகத்தில் பதில் வரும். இதைச் சொன்ன வாயே மாலையில் வேதபாடமும் நடத்தும்.

வெளிநாட்டுச் சபைகளின் உதவியில் புது பிளாக் எழும்பியது. தண்ணீர் வருகிற குழாய், மின்விசிறி, தாழ்ப்பாள் விழுகிற கதவு. ஜூன் மாதம் கல்லூரி திறப்பதற்கு முன் அறை ஒதுக்க வேண்டும். தாளாளர் எஸ்தரைக் கூப்பிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "புது பிளாக்க நம்மவங்களுக்கு வச்சிருங்க."

நம்மவங்க. இந்த வார்த்தையை நான் தாய்ப்பாலோடு குடித்தவள். எங்கள் ஆட்கள் சாதிப் பெயரை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், இரட்சிக்கப்பட்டவர்கள் அல்லவா! பெண் பார்க்கும்போதும், போதகரை நியமிக்கும்போதும், குரலைத் தாழ்த்தி, "நம்மவங்கதானே?" என்பார்கள். கேட்பவர் சாதியும் பதில் சொல்பவர் சாதியும் ஒன்றாக இருந்தால் முகம் மலரும். இல்லாவிட்டால், "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார்" என்று பேச்சு முடியும். இத்தனை வருஷம் இந்த வார்த்தையைக் கேட்டும் எனக்கு அதன் மேல் உள்ள அருவருப்பு குறையவில்லை.

எஸ்தருக்கு இந்தச் சங்கேதம் தெரியாது. கள்ளிக்குப்பத்தில் நம்மவங்க என்றால் நம்ம பக்கத்து ஜனம், அவ்வளவுதான். அவர் பாட்டுக்குக் குத்தம்பாக்கம், திருமழிசை, ஆவடிப் பெண்களையெல்லாம் புது பிளாக்கில் போட்டார். தெற்கிலிருந்து டிரங்குப் பெட்டியோடு வரவிருந்த சபை மூப்பர்களின் மகள்களுக்குப் பழைய பிளாக்.

விடுமுறை முடிந்து நான் ஊரிலிருந்து திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. புது பிளாக் மாடியில் பாவாடை தாவணிகள் காய்ந்துகொண்டிருந்தன. எஸ்தர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினார். குமுதா என்ற குத்தம்பாக்கத்துப் பெண் குழாயைத் திறந்து மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "சாரப் பத்தி நான்தான் தப்பா நென்ச்சிகினு இருந்தேன் மிஸ். நல்ல மன்சன். நம்மவங்களுக்கே குடுன்ட்டாரு!" என்றார் எஸ்தர். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

நான் சிரித்தேன். வயிறு வலிக்கும் வரை சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுபோய், அந்த வார்த்தைக்கு எங்கள் ஊர் அர்த்தத்தை அவருக்குச் சொன்னேன். எஸ்தர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ நானு?" என்று கேட்டார்.

"இல்லக்கா" என்றேன்.

"ஞானஸ்நானம் வாங்கிகினேனே. தண்ணில முக்கி எடுத்தாங்களே."

அவர் முந்தானையால் வாயை அழுந்தத் துடைத்தார். கெட்டுப்போன பதார்த்தத்தைத் தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டவர் துடைப்பதுபோலத் துடைத்தார்.

மூப்பர்கள் வந்தார்கள். ஒருவர் மகளின் குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மனுஷன் இருப்பானா இங்கே?" என்று கத்தினார். இத்தனை வருஷம் அங்கே யார் இருந்தார்கள் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. அன்று மாலையே தாளாளர் அறையில் கூட்டம் போட்டார்கள். விடுதி ஆசிரியை என்பதால் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. எஸ்தரை நிற்கவைத்தார்கள்.

வழி மிகச் சுலபமானதாக இருந்தது. தவறாகப் புரிந்துகொண்டேன் என்று எஸ்தர் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பெண்களைப் பிளாக் மாற்ற வேண்டும். வேலையும் குவார்ட்டர்ஸும் அப்படியே இருக்கும். கூட்டத்துக்குக் கிளம்பும்போதே அவர் புருஷன் கெஞ்சியிருந்தார்: "பிரியாம பண்ட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடு. புள்ள படிக்குது, ஊட்டக் காலி பண்ணிக்கினு எங்க போறது?" அதில் பொய்யும் இல்லை. எஸ்தர் உண்மையிலேயே புரியாமல்தான் செய்தார்.

தாளாளர் புன்னகையோடு ஆரம்பித்தார். "எஸ்தர், நான் சொன்னதை நீங்க தப்பா புரிஞ்சிக்கிட்டீங்க. அவ்வளவுதானே?"

"ஆமா சார். அன்னிக்குத் தப்பா புர்ஞ்சிகினேன்."

எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஒருவர் ஜெபித்து முடிக்கலாம் என்று கண்ணைக்கூட மூடிவிட்டார்.

"இப்போ கரீட்டா புர்ஞ்சிகிச்சு சார். அதான் மாத்த மாட்டேன்."

பிறகு அந்த அறையில் பேசப்பட்டதை எழுத என் பேனா கூசுகிறது. நன்றி கெட்டவள், சேரிப் புத்தி, வெளியிலிருந்து வந்தவர்களை உள்ளே விட்டால் இப்படித்தான். வாரத்தில் ஏழு நாளும் அன்பைப் பற்றிப் பாடுகிற வாய்கள். நான் எழுந்து நின்று, இதைவிடப் பழைய பிளாக் சாக்கடை சுத்தம் என்று சொன்னேன். "நீங்களுமா?" என்பதுபோல என்னைப் பார்த்தார்கள். நான் நம்மவள் அல்லவா, அந்த ஏமாற்றம்.

எஸ்தரின் வார்டன் பதவி போயிற்று. குவார்ட்டர்ஸும் போயிற்று. நூலக வாசலில் பைகளை வாங்கிவைக்கும் மேசையில் உட்காரவைத்தார்கள். கள்ளிக்குப்பத்திலிருந்து தினம் இரண்டு பஸ் மாறி வந்தார். புதிய வார்டன் வந்து பெண்களை மாற்றத் தொடங்குவதற்குள் வெளிநாட்டு விருந்தினர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். புது பிளாக்கில் கிராமத்து ஏழைப் பெண்களைப் பார்த்துக் கண்கலங்கி, இதற்குத்தான் உதவினோம் என்று நெகிழ்ந்துபோனார்கள். தாளாளர் குமுதாவின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். ஏழைப் பெண்களுக்குப் புது பிளாக் என்பது கர்த்தர் தனக்குக் காட்டிய தரிசனம் என்றார். அதற்குப் பிறகு பெண்களை எப்படி மாற்றுவது? படிப்பு முடியும் வரை அவர்கள் அங்கேயே இருந்தார்கள். எஸ்தர் வேலையைக் கொடுத்து வாங்கிய அறையைத் தாளாளர் தன் கிரீடத்தில் செருகிக்கொண்டார். அந்தப் படத்தைக் காட்டியபோது எஸ்தர், "யார் பேர்லயாச்சும் இருக்கட்டும் மிஸ். குயாயில தண்ணி வருதில்ல?" என்றார். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. அடுத்த வருஷமே வேறு கல்லூரிக்குப் போய்விட்டேன்.

நேற்று நினைவு ஆராதனைக்குப் போனேன். தாளாளருக்கு வயதாகிவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. சகோதரி எஸ்தர் பொறுமையின் உருவம் என்றார். அறியாமையால் ஒருமுறை சிறு தவறு செய்தபோது நிர்வாகம் மன்னித்து மாற்றுப் பணி கொடுத்தது என்றார். முன் வரிசையில் எஸ்தரின் மகள் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்து ஒரு பெண், தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "பொய் சொல்லாத சார்!" என்றாள். குமுதா. உடனே பாடகர் குழுவைப் பாடச் சொல்லிவிட்டார்கள்.

எஸ்தரிடமிருந்து நான் எதை வைத்துக்கொள்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். பொறுமையை இல்லை. அது அவரிடம் இருந்ததே இல்லை, பாவம், இவர்கள் இல்லாததை அவர் தலையில் கட்டுகிறார்கள். அவருடைய அறியாமையைத்தான் வைத்துக்கொள்கிறேன். அந்த ஜூன் மாதத்தில் ஒரு வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டாரே, அதை.

ஆராதனை முடிந்து தேநீர் கொடுத்தார்கள். பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. எஸ்தரின் படத்துக்கு முன்னாலேயே, குரலைத் தாழ்த்தி, "அப்போ நீங்க நம்மவங்கதானே?" என்றார்.

"ஆமாம்மா, நம்மவங்கதான்" என்றேன். "கள்ளிக்குப்பம்."