மஞ்சள் கோட்டு ஐவர்

அந்த இசைத்தட்டை நான் வெறுத்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சிட்னியில் ஓர் இறைச்சிக்கடையின் மேல்மாடியில் நானும் என் நண்பனும் குடியிருந்தோம். யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளிக்கூடம், வகுப்பில் ஒரே வாங்கு. நான் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். அவன் இரண்டாம் வருடச் சோதனையில் கோட்டைவிட்டு, விசா முடிந்த பிறகும் திரும்பிப் போகாமல் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தான். பிடித்தால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். மகன் எஞ்சினியராகி வருவான் என்று அவனுடைய தகப்பன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அந்த மனிதரின் முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் அவனுக்கிருந்த ஒரே பயம்.

முதல் சம்பளத்தில் அவன் வாங்கியது அந்தத் தட்டு. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் ஐந்து பேர். உறையில் மஞ்சள் கோட்டும் அகலமான கால்சட்டையுமாக, கல்யாணப் படத்துக்கு நிற்கும் மாப்பிள்ளைத் தோழர்களைப்போல வரிசையாக நின்றார்கள். ஒருவர் கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவதுபோலப் பாடினார். இன்னொருவர் கதவிடுக்கில் வால் அகப்பட்ட பூனை. மற்ற மூவரும் அந்த இருவர் சொல்வதற்கெல்லாம் ஆமாம் சாமி போட்டார்கள். கிற்றாரின் கனத்த தந்தி அதிர்ந்தால் எங்கள் பலகைத் தரையும் அதிரும். கீழேயிருந்து இறைச்சிக்கடைக்காரர் கடை கூட்டும் தும்புத்தடியால் இடிப்பார்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் சத்தம் போட்டேன்.

"இனி ஒருக்கா உந்தத் தட்டைப் போட்டியெண்டால் உன்னைப் பிடிச்சுக் குடுப்பன், சொல்லிப்போட்டன்!"

அவன் சிரித்தான். பிறகு மெல்லச் சொன்னான். "பக்டரியில நாள் முழுக்க ஒருத்தரும் என்னோட கதைக்கிறேல்ல மச்சான். இவங்கள் ஐஞ்சு பேரும் எனக்காகத்தான் பாடுறாங்கள்."

எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் பாட்டுப் பிடிக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் எதிர்ப்பக்கத் தெருவோரத்தில் ஒரு சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. உள்ளே ஒருவர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். மறுநாளும் நின்றது, அதே ஆள். அன்று இரண்டு தடவை எங்கள் தொலைபேசி அடித்தது. நான் எடுத்ததும் மறுமுனையில் வைத்துவிட்டார்கள். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எங்கள் வீட்டில் அது தலைகீழ். விசா ஒழுங்காக இருந்த நான் நடுங்கினேன், அவன் பாடிக்கொண்டு திரிந்தான். காரைப் பற்றி அவனிடம் சொல்லவுமில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு முட்டாள்தனமான எண்ணம்.

மூன்றாம் நாள் பின்னேரம் நாலு மணிக்குக் குடிவரவு அதிகாரிகள் இரண்டு பேர் படியேறி வந்தார்கள். மூத்தவர் எங்களிடமிருந்த ஒரே நல்ல கதிரையில் உட்கார்ந்தார். யாரோ தொலைபேசியில் தகவல் தந்ததாகவும், நண்பன் வரும்வரை காத்திருக்கப்போவதாகவும் தன்மையாகச் சொன்னார். என் கடவுச்சீட்டைக் கேட்டு வாங்கினார். பார்த்துவிட்டுத் திருப்பித் தரவில்லை, முழங்காலின்மேல் வைத்துக்கொண்டார்.

இளையவர் நண்பனின் சட்டைகளைக் கிளறினார். பிறகு அந்தத் தட்டைக் கண்டார். முகம் மலர்ந்தது. தன்னிடமும் இது இருக்கிறது என்று சொல்லி, கேட்காமலே எடுத்துப் போட்டார். ஊசி இறங்கியது. கிணற்றுக்குரல் தொடங்கியது. அதிகாரி காலால் தாளம் தட்டினார். பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. நான் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் நாலரைக்கு அவன் ஸ்டேஷனிலிருந்து தொலைபேசி எடுப்பான், பேக்கரியில் பாண் வாங்கிவர வேண்டுமா என்று கேட்க.

அடித்தது.

எடுக்கும்படி மூத்தவர் சைகை காட்டினார். "ஆங்கிலத்தில் மட்டும்" என்றார். எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

"மச்சான், பாண் வாங்கவோ?" என்றான் அவன். பின்னால் ஓடிய பாட்டு அவனுக்குக் கேட்டிருக்கிறது. "அட, நீயும் கேக்கத் தொடங்கிட்டியே!" என்று சிரித்தான்.

எங்களுக்குள் நாங்கள் ஒருநாளும் ஆங்கிலம் பேசியதில்லை. வெளிக்கிடுகிறவனைப் பார்த்து 'போ' என்று எங்கள் ஆட்கள் சொல்லமாட்டார்கள், அது அபசகுனம். 'போட்டு வா', அதாவது போய்விட்டு வா, என்றுதான் வழியனுப்புவோம். அந்த நேரத்தில் என் வாயில் வந்தது அதுதான், அப்படியே ஆங்கிலத்தில்.

"கோ அண்ட் கம்" என்றேன்.

அதிகாரியின் மனதில் 'கம்' மட்டும்தான் பதிந்திருக்க வேண்டும். என் ஆங்கிலத்தை நினைத்துப் புன்னகைத்து, சரி என்று தலையாட்டினார். மறுமுனையில் சிரிப்பு நின்றுவிட்டது. ரயிலொன்று புறப்படும் சத்தம் கேட்டது.

"கோ அண்ட் கம்" என்றேன், இன்னொரு முறை.

"நீயோ?" என்றான் அவன், அடித்தொண்டையில்.

ஆங்கிலத்தில் என் குரல் வேறு மாதிரி இருக்கிறது, பேசுவது நான்தானா என்று கேட்கிறான் என நினைத்தேன்.

"யெஸ்" என்றேன்.

வைத்துவிட்டான்.

அதிகாரிகள் இருட்டும்வரை இருந்துவிட்டு, என் கடவுச்சீட்டைத் தந்துவிட்டுப் போனார்கள். அவன் வரவில்லை. தப்பிவிட்டான் என்று நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். என் சமயோசிதத்தை நினைத்துக் கொஞ்சம் பெருமையும் பட்டேன்.

அடுத்த கோடையில், விசா முடிந்தும் தங்கியிருப்பவர்கள் தாங்களாகவே வந்து பதிந்தால் மன்னிப்பு என்று அரசாங்கம் அறிவித்தது. சில வாரங்கள்தான் தவணை. செய்தி தெரியாமல் எங்காவது ஒளிந்திருந்தால் அவன் கதை முடிந்துவிடும். மெல்பேர்ணுக்கு அப்பால் வெரிபீயில், கோவா பயிரிடும் முட்டைக்கோசுத் தோட்டமொன்றில் ஒரு தமிழ்ப் பெடியன் வேலை செய்வதாகக் கேள்விப்பட்டு ரயிலேறிப் போனேன். அவன் அங்கே இல்லை. அவனுக்கு இடம் கொடுத்திருந்த பருத்தித்துறைக்காரர் ஒருவர் என்னை உட்காரவைத்துத் தேத்தண்ணி தந்தார்.

"இஞ்ச ரெண்டு மாசம்தான் இருந்தவன். தமிழ் ஆக்களைக் கண்டாலே ஒளிப்பான். பிறகு ஆருக்கும் சொல்லாமல் போட்டான்" என்றார். "சிட்னியில கூட இருந்த சிநேகிதனே காட்டிக் குடுத்திட்டானாம். இவன் போன் எடுக்கேக்க, வந்த அதிகாரியளோட இருந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவனாம். நீயோ எண்டு பெடியன் நேரடியாவே கேட்டிருக்கிறான். கூசாமல் ஓம் எண்டு சொன்னானாம்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"ஒரே பள்ளிக்கூடமாம். உங்களுக்கு அந்த ஆளைத் தெரியுமோ?"

"தெரியாது" என்றேன்.