ஏரிக்கு அடியில் ஒரு ட்ரில்

1. தொழில் ஞானம்

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பெரிய ஹார்ட்வெயார் கடையில், கருவிகள் விற்கும் ரூல்ஸ் பகுதியில் ஓய்வுபெறும்வரை நின்றவன் நான். முதல் நாளே மனேஜர் கிரெக் தன் தொழில் ஞானம் முழுவதையும் ஒரே மூச்சில் ஊட்டிவிட்டார்: "வோல்ட் கூடினது நல்லது. விலை கூடினது அதைவிட நல்லது." அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் மனேஜராக்கியிருக்க மாட்டார்கள்.

2. மீன் வேண்டாத மீன்காரர்

ஊரில் போர் முடியப்போகிற அந்தக் கடைசி மாரிகாலத்தில் பஸ்தியான் அண்ணை கடைக்கு வந்தார். மன்னார்க் கடலில் வலை இழுத்தவர். இங்கே கதிரை, மேசை செய்யும் ஃபக்டரிக்குத் தன் தோள்மூட்டைத் தானம் செய்தவர்.

"தம்பி, ஐஸில ஓட்டை போட ஒரு ட்ரில் தா."

உறைந்த ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள் ஓகர் என்ற நீண்ட திருகுக் கம்பியைக் கையால் சுற்றித் துளை போடுவார்கள். தோள் ஏலாதவர்கள் அதைப் பற்றரி ட்ரில்லில் பூட்டிக்கொள்வார்கள்.

"இந்த நேரத்தில மீனோ அண்ணை?"

"மீன் ஆருக்கடாப்பா வேணும்? வீட்டில இருந்து டிவியில சண்டைச் செய்தியைப் பாத்துக் கத்துறன் எண்டு மனிசி கலைச்சுப்போட்டா. தங்கச்சி வன்னிக்குள்ள நிக்கிறாள். நத்தார்ப் பெருநாளுக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஆரேன் எடுப்பினம் எண்டு போனோடயே திரியிறன்."

அதைச் சொல்லும்போதும் போனைத்தான் பார்த்தார்.

அதற்குள் கிரெக் மூக்கை நுழைத்துவிட்டார். கடையிலேயே பெரிய ஹாமர் ட்ரில்லைத் தூக்கிவந்து, "ஐஸ் என்ன, கொங்கிரீற்றே உடையும்!" என்றார்.

"ஓம், கையும் சேர்ந்து உடையும்" என்று நான் தமிழில் சொன்னேன். அவர் நான் ஆமோதிக்கிறேன் என்று நினைத்து மகிழ்ச்சியாகப் போய்விட்டார்.

அண்ணைக்கு நானே விளக்கினேன்: ஐஸுக்குப் பதினெட்டு வோல்ட் போதும். வேகம் தேவையில்லை, மெதுவாகச் சுற்றும் லோ கியரில் முறுக்குவிசை வேண்டும். ஓகர் இறுகினால் ட்ரில் மணிக்கட்டைத் திருகிவிடும், அதனால் பக்கக் கைபிடி கட்டாயம். குளிரில் பற்றரி செத்துப்போகும், ஜக்கெற்றின் உள்பொக்கற்றில் வைக்க வேண்டும்.

"போனும் அங்கதான் கிடக்கு. ரெண்டும் கிடக்கட்டும்" என்றார்.

கடைசியாக ஒரு வட்டத் தட்டைக் காட்டினேன். "இதை ட்ரில்லுக்குக் கீழ பூட்டுங்கோ அண்ணை. ஓட்டையைவிட அகலம். கை தவறினாலும் ட்ரில் உள்ள போகாது."

"உது எனக்கெதுக்கு? கடலிலயே கைவிடாதவன், உந்தக் குளத்திலயோ விடப்போறன்?"

கடலோடிக்கு நான் யார் புத்தி சொல்ல! தட்டை எடுத்த இடத்திலேயே அடுக்கிவிட்டு, ட்ரில்லை மட்டும் விற்றேன்.

3. திருப்பிக் கொடுக்கும் கவுண்டர்

அடுத்த கிழமை வெறுங்கையோடு வந்து நின்றார். கிரெக்கின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். என் தெரிவு பிழையாகிவிட்டதாம். "ட்ரில்லில் என்ன பிழை என்று கேள்" என்றார்.

"ஒரு பிழையும் இல்லையெண்டு சொல்லு தம்பி. பாணுக்குள்ள கத்தி விட்டமாதிரி இறங்கிச்சு. இப்ப ஏரிக்கு அடியில கிடக்கு."

வாரண்டி ஏரிக்குள் செல்லாது என்று கிரெக் உடனே தீர்ப்பளித்தார். நான் மொழிபெயர்த்தேன். பஸ்தியான் அண்ணை சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார்.

"ஐஸ் அறுபட்டுக் கீழ போற நேரம் பாத்து போன் அடிச்சுது. ரெண்டு கையையும் விட்டுட்டன். திருகோணமலை ஆஸ்பத்திரியில இருந்து தங்கச்சி, தம்பி! காயக்காரரோட கப்பலில ஏத்தி வந்திருக்கினம். காலிலதான் காயமாம். 'சின்னண்ணா' எண்டு தன்ர வாயால கூப்பிட்டவள்!"

கவுண்டரைச் சுற்றிப் போய் அவரைக் கட்டிப்பிடித்தேன். கடை விதிகளில் அதற்கு இடமில்லை. விஷயத்தை ஆங்கிலத்தில் சொன்னதும், கிரெக்கும் வாரண்டியை மறந்து அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அதே ட்ரில் இன்னொண்டு தா," என்றார் பஸ்தியான் அண்ணை. "உந்தத் தட்டையும் பூட்டித் தா. அவள் திரும்பப் போன் எடுப்பாள்."

அதன்பிறகு தட்டில்லாமல் ஒருவரையும் நான் ஏரிக்கு அனுப்பியதில்லை. "பிறந்ததிலிருந்து மீன் பிடிக்கிறேன், எனக்கெதற்கு இது?" என்று வெள்ளைக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்துவார்கள்.

"போன் வந்தால் இரண்டு கையும் வேண்டும், ஐயா" என்பேன்.