இரண்டாம் பாகத்துக்கு முன்னால்

என் கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சின்ன 'ல' எங்கே, பெரிய 'ள' எங்கே என்பது எனக்கு இன்றைக்கும் குத்துமதிப்புதான். பிழை கண்டால் நீங்களே சரிசெய்து படித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லச் சொன்னால் இவ்வளவும் வராது.

இந்தக் கோடையில் வந்த பெரிய படங்களெல்லாம் வரிசையாகப் படுத்துவிட்டன. "ஒண்ணும் தேறலப்பா. இது ஒண்ணுதான் சிரிப்பா இருக்காம்" என்று மகள் என்னைத் தேனிக்குக் கூட்டிப்போனாள். இரண்டு போலீஸ்காரர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டே திருடர்களைத் துரத்துகிற படம். இரண்டாம் பாகம். சோளப்பொரி வாசனையும் ஏசிக் குளிருமாக உட்கார்ந்திருந்தேன். பின்வரிசையில் ஓர் அம்மாள் தன் வீட்டுக்காரரிடம், "மொதப் பாகம் பாக்கலயே, வெளங்குமா?" என்று கேட்டார். அவ்வளவுதான், எனக்குக் காதெல்லாம் சுட்டது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லையா என்று மகள் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

நான் வேலை பார்த்த தியேட்டரின் வாசனை வேறு. உத்தமபாளையம் பக்கம் இருந்தது அது. காரச்சேவு, பீடி, மெஷின் ரூமில் படம் ஓட்ட எரிக்கும் கரிக்குச்சியின் புகை. இவற்றுக்கு மேலே திராட்சைக்கு அடிக்கும் மருந்தின் நெடி. காமயகவுண்டன்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள் தோட்டத்து வேலை முடித்த கையோடு வருவார்கள். அந்த மருந்தில் கலக்கும் மயில்துத்தம் ஏறி விரலெல்லாம் நீலமாக இருக்கும்.

விரலைச் சொல்கிறேன், முகத்தைச் சொல்லவில்லை, பாருங்கள். வாசலில் டிக்கெட் கிழிப்பது என் வேலை. எனக்கு யார் முகத்தையும் பார்க்கக் கூச்சம். நீட்டுகிற கையைப் பார்ப்பேன், கிழிப்பேன், உள்ளே விடுவேன். ஊர் முழுக்க எனக்குக் கைகளாகத்தான் பழக்கம். டிக்கெட் இல்லாமல் வருகிற கை ஒன்றும் உண்டு. கட்டைவிரல் நகம் கறுத்த கை. அது போலீஸ் ஸ்டேஷன் ஏட்டையாவுடையது. கடைசி பெஞ்ச் அவருக்கென்று விடப்பட்டிருக்கும். தலையைக் குனிந்தபடி வழிவிடுவேன்.

இந்தக் கூச்சத்தோடுதான் எனக்குக் கல்யாணமும் ஆயிற்று. போடியில் பெண் வீடு. மாமனார் பலசரக்குக் கடைக்காரர், வாயாடி. நிச்சயத்தன்று கேட்டதற்கெல்லாம் நான் தலையை மட்டும் ஆட்டினேன். "மாப்ள வாய வீட்டுல வச்சுட்டு வந்துட்டாகளா?" என்றார். பந்தியே சிரித்தது. என் மனைவி அதை நெடுநாள் மனதில் வைத்திருந்தாள்.

அந்த வருஷக் கோடையும் இந்தக் கோடையைப் போலத்தான். நம்பி எடுத்த படங்கள் எல்லாம் மூன்றாம் நாளே ஈயோட்டின. முதலாளி ஆபீஸ் ரூமில் விசிறிக்கொண்டே, இன்னும் ஒரு படம் போனால் தியேட்டரை நெல் குடோனுக்கு விட்டுவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் வெளிநாட்டுப் படம் ஒன்று தமிழ் பேசிக்கொண்டு வந்தது. நெட்டைப் போலீஸ் ஒருவர், குட்டைப் போலீஸ் ஒருவர். அதுவும் இரண்டாம் பாகம்தான்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு பழக்கம். கதையைப் பாதியிலிருந்து பார்க்க மாட்டார்கள். தாமதமாக வந்தவர்கூட, பக்கத்தில் இருப்பவரைக் கதை சொல்ல வைத்துவிட்டுத்தான் திரையைப் பார்ப்பார். முதல் பாகம் வந்தபோது அடைமழை, ஒருவரும் வரவில்லை. இப்போது டிக்கெட் கவுண்டருக்கு முன்னால் நின்றுகொண்டு, மொதப் பாகத்தைப் போடு, அப்புறம் இதைப் போடு என்றார்கள்.

முதல் பாகத்தை எல்லாக் காட்சியும் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் ஆபரேட்டர் செல்லத்துரை, என் சிநேகிதன். அவன் மெஷினை விட்டு வர முடியாது.

"ஏலே, நீதான பாத்த? மைக்கப் பிடிச்சுக் கதையச் சொல்லு" என்றார் முதலாளி.

வராது என்றேன். நெல் மூட்டைக்குக் காவல் இருக்க ஆசையா என்று கேட்டார்.

திரைக்கு முன்னால் போய் நின்றேன். என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அந்த வெள்ளைக்காரப் பெயர்கள் வாயில் நுழையாததால் நெட்டை, குட்டை என்றே சொன்னேன். முதலில் திக்கினேன், பிறகு எப்படியோ ஓடியது. முதல் பாகத்தின் கடைசியில் குட்டைக்கு முழங்காலில் குண்டு பட்டுவிடும். இரண்டாம் பாகம் முழுக்க இடது காலை இழுத்து இழுத்துத்தான் வருவார். வாயால் சொல்ல வரவில்லை, நடந்து காட்டினேன்.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. பிறகு கொட்டகையே சிரித்தது. எனக்கு விசில் அடித்தார்கள். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை எனக்காக நான் கேட்டதில்லை. அந்தக் கோடி வரை நடந்தேன். போதாதென்று திரும்பியும் நடந்தேன்.

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போகிற வழியிலேயே எஸ்.டி.டி. பூத்தில் நின்று போடிக்குப் பேசினாள். நாளைக்கு வந்து உங்கள் மாப்பிள்ளையைப் பாருங்கள் என்றாள்.

மறுநாள் மத்தியானம் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கேட் கம்பியில் அந்தக் கறுத்த நகம் தெரிந்தது. ஏட்டையா வேட்டி சட்டையில் வந்திருந்தார். பெஞ்சைத் துடைத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"நேத்து நல்லாச் சொன்னப்பா கதைய."

"சரிங்கய்யா."

"ஒன்னைய வைய வரல. எம் மகளும் வந்திருந்தா. 'அப்பா, ஒங்கள மாதிரியே நடக்குறாக'ன்னு சொல்லிச் சிரிச்சா. சின்னப்பிள்ள. அப்பறம் சுத்தி எல்லாரும் எங்களையே பாக்குறத பாத்துட்டா. சிரிப்ப நிறுத்திக்கிருச்சு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே மறுபடியும், "இன்னைக்கும் நடப்பியா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்பதுபோல் கேட்டார். நான் விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றேன். "சரி, படத்துல அப்படி இருந்தா நீ என்ன செய்வ" என்று அவரே பதிலும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அப்போதுதான் அவர் நடப்பதைப் பார்த்தேன். இடது கால், இழுத்து இழுத்து. எத்தனையோ நாள் என் கையெட்டும் தூரத்தில் அந்த வாசலைக் கடந்து போனவர்.

சாயங்காலம் கூட்டம் நெரிந்தது. என் நடையைப் பற்றி டவுன் பஸ்ஸிலேயே பேசிக்கொண்டு வந்ததாகச் செல்லத்துரை சொன்னான். "மாப்ள, இன்னைக்கு நீதான்டா ஹீரோ" என்று தோளில் தட்டினான். ஏட்டையா வந்துபோனதைச் சொன்னேன். அவன் முகம் மாறியது. அந்தச் சிரிப்பு எதற்கென்று தனக்கு நேற்றே தெரியும், நான் சந்தோஷமாக இருந்ததால் சொல்லவில்லை என்றான்.

முன்வரிசை நாற்காலியில் மாமனார், மாமியார். பக்கத்தில் மனைவி, கல்யாணப் புடவையில். குண்டு படுகிற இடம்வரை சொன்னேன்.

"குட்டைக்குக் கால்ல அடி. அதோட மொதப் பாகம் முடிஞ்சது" என்றேன்.

"நட" என்றது ஒரு குரல். பிறகு எல்லோரும் கைதட்டி, "நட, நட" என்றார்கள். முதல்முறையாக நிமிர்ந்து அந்த ஜனத்தின் முகத்தைப் பார்த்தேன். பாதிப் பேர் என்னைப் பார்க்கவில்லை. திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெஞ்ச் காலியாக இருந்தது. அப்படியும் பார்த்தார்கள்.

"அம்புட்டுதான்" என்று மைக்கைக் கீழே வைத்தேன். கூச்சல் கிளம்பியது. டிக்கெட் துண்டுகள் பறந்தன. முதலாளி மணி அடிப்பதற்கு முன்னமே மேலே செல்லத்துரை விளக்கை அணைத்துப் படத்தை ஓட்டிவிட்டான். இருட்டில் வழி தெரியாமல் திரைக்குப் பக்கத்துச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றேன்.

இடைவேளையில் மாமனார் வந்து, "பரவால்ல மாப்ள, எல்லாருக்குமா வரும்?" என்றார். அவர் கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். மனைவி என்னைப் பார்க்கவில்லை. ராத்திரி என்ன ஆயிற்று என்று கேட்டாள். தொண்டை கட்டிக்கொண்டது என்றேன்.

இதோடு முடிந்திருந்தால் ஏதோ நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருப்பேன். மறுநாள் சோடாக் கடைக்காரர் மைக்கைப் பிடித்தார். அவர் என்னைவிட நன்றாக நடந்தார். என்னிடமிருந்து கற்ற நடைதான். படம் அந்தக் கோடை முழுவதும் ஓடியது. நான் வாசலில் நின்று கிழித்துக்கொண்டே இருந்தேன், உள்ளேயிருந்து சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. சோடாக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. இந்த இடத்தை எழுதும்போதுதான் பேனா நின்று நின்று போகிறது.

ஏட்டையா அப்புறம் வரவில்லை. கேரளா எல்லைப் பக்கம் மாற்றலாகிப் போனதாகச் சொன்னார்கள். தியேட்டர் ஏழெட்டுக் கோடை தாக்குப்பிடித்தது, பிறகு குடோன்தான் ஆனது. குடோனையும் இடித்து மனை போட்டுவிட்டார்கள். திரைக்கு முன்னால் ஓர் ஆள் நின்று கதை சொன்ன காலம் உண்டென்றால் மகள் நம்பமாட்டாள். முதல் பாகம் வேண்டுமென்றால் இப்போது போனிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். செல்லத்துரையும் போய்ச்சேர்ந்துவிட்டான். அன்றைக்கு நான் ஏன் நடக்கவில்லை என்று தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

அந்தச் சின்னப்பிள்ளைக்கு இப்போது என் மகளைவிடப் பெரிய வயது இருக்கும். எந்த ஊரிலோ, எந்தத் தியேட்டரிலோ நான் மகளோடு பார்த்த இந்தப் படத்துக்கு அவளும் போயிருக்கலாம். எல்லோரும் சிரிக்கிற இடத்தில் அவள் சிரித்தாளா என்று யாரிடம் கேட்பது?

வைகாசி மூன்றாம் ஞாயிறு, மத்தியானம்.