பின்பக்கத்து வழி

படத்தில் வீடு அழகாகத்தான் இருந்தது. தீபிகா டேப்லெட்டைச் சாய்த்துப் பிடித்து விரலால் தள்ளத் தள்ள, ஹால் வந்தது, படுக்கையறை வந்தது, சமையலறை வந்தது. தரையிலிருந்து கூரைவரை வெள்ளை அலமாரிகள். வடிவு திரையில் விரலை வைத்தாள்.

“இங்க கதவு இருக்குதேம்மா.”

“அது வராது ஆன்ட்டி. அங்க டால் யூனிட், உயரமான அலமாரி. ஃப்ரிட்ஜ், ஓவன், மளிகை எல்லாம் ஒரே இடத்துல அடங்கிடும்.”

“அப்ப பின்னாடி எப்படிப் போறது?”

“முன்வாசல் இருக்கே ஆன்ட்டி.”

வடிவின் கணவர் முனிரத்தினம் நாற்காலியில் சாய்ந்தபடி சிரித்தார். “மருமகளா வர்றதுக்கு முன்னாடியே வூட்டை ரிப்பேர் பண்றா. வந்தப்புறம் நம்மள ரிப்பேர் பண்ணுவா பாரு.”

தீபிகாவும் சிரித்தாள். வடிவின் விரல் பட்டதில் படம் பெரிதாகிவிட்டிருந்தது. ஃப்ரிட்ஜின் கைப்பிடி மட்டும் தெரிந்தது.

தீபிகா வீடுகளுக்கு உள்அலங்காரம் செய்துகொடுப்பவள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனிக்கு வேலை எடுத்துச் செய்தபோது, அங்கே சூப்பர்வைசராக இருந்த இவர்கள் மகன் ராமராஜனைப் பார்த்தாள். இரண்டு வருஷம் அவள் அப்பா பரசுராமன் முகங்கொடுத்துப் பேசவில்லை. முசரவாக்கத்தில் நிலம், கட்சியில் பொறுப்பு, கேள்வி கேட்கச் சொந்தபந்தம். மூன்றாம் வருஷம் இறங்கி வந்தார். ஆனால் தட்டு மாற்றுவதை யார் வீட்டிலும் வேண்டாம் என்று டவுனில் ஒரு ஓட்டல் ஹாலில் வைத்தார். அங்கே எல்லோர் முன்னாலும் சொன்னார்:

“கட்டில், பீரோன்னு சீர் குடுக்கறது பழைய கதை. எம் பொண்ணு தொழிலே வீடு பண்றதுதான். வீட்டையே சீராப் பண்ணிக் குடுத்துடறோம்.”

முனிரத்தினம் இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். வெற்றிலை பாக்கோடு வாங்கிய சொல். சீராக வரும் பீரோவை இந்த மூலை வேண்டாம், அந்த மூலையில் வை என்று சொல்லலாம். சீராக வரும் சுவரை என்ன சொல்வது என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

வடிவுக்கு ஐம்பத்தோரு வயது. பத்தொன்பது வருஷமாக ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாதிப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே டப்பா கட்டிக்கொண்டு வந்தார்கள். யார் சமைக்கிறாள் என்று கேட்டுவிட்டுத்தான் டப்பா கட்டினார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தினமும் அரிசியைக் குறைத்துப் போட்டுச் சமைத்தாள். ஆறு மாதத்தில் டப்பாக்கள் அலுத்துப்போய் நின்றன. பிள்ளைகள் வரிசையில் வந்து தட்டை நீட்டினார்கள். இதை அவள் முனிரத்தினத்திடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவர் மறுநாளே பஸ்ஸைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போயிருப்பார். அப்போது அவர் பஸ் டிரைவர்.

செவிலிமேட்டில் இந்த மனையை வாங்கியதும் அந்த வருஷங்களில்தான். முன்பக்கம் புதிய நகரின் அகலமான ரோடு. பின்பக்கம் வடிவு பிறந்த தெரு. அந்தத் தெருவைத் தொடுகிறது என்பதாலேயே வேறு யாரும் வாங்காமல் கிடந்த மனை அது. வீடு எழும்பும்போது முனிரத்தினம் ஜன்னல், படிக்கட்டு, கிரில் என்று எல்லாவற்றுக்கும் யோசனை சொன்னார். வடிவு ஒன்றுதான் கேட்டாள். அடுப்படியிலிருந்து பின்னால் ஒரு கதவு.

அந்தக் கதவு வழியாகத்தான் அவள் அக்கா கமலவேணி தினம் காலையில் வாளியோடு வருவாள். அவளுக்கு இரண்டு ஆடுகள். வாளியில் கழனித்தண்ணீரை ஊற்றிக்கொள்ள இரண்டு நிமிஷம் போதும். அக்கா ஒரு மணி நேரம் இருப்பாள். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள், குழம்பை ருசி பார்ப்பாள், தெருவில் யார் யாரோடு பேசவில்லை என்று சொல்லுவாள். பின்தெருவில் எல்லோருக்குமே அந்த வீட்டின் வாசல் அதுதான். முன்வாசலில் மின்வாரியத்துக்காரரும் பத்திரிகை வைப்பவர்களும் வருவார்கள்.

அன்று சாயங்காலம் வடிவு கணவரிடம் பேச்சை எடுத்தாள்.

“அந்தக் கதவு இருக்கட்டுமே. அக்கா வரும் போகும்.”

“சீராக் குடுக்கறாங்க வடிவு. அதுல போயி இது நொட்டை, அது நொள்ளைன்னு சொல்லுவாங்களா? உங்கக்கா இன்னா ஊர்கோலமா வருது? முன்னாடி வரட்டும்.”

மகனிடம் கேட்டாள். “கொசு வருது, பெருச்சாளி வருதுன்னு நீதானம்மா தெனம் பாட்டுப் பாடிக்கினு இருந்த?” என்றான் ராமராஜன். அதுவும் உண்மைதான்.

மே மாதம் வேலை ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் லீவு. வெளியே போக ஒரு காரணமும் இல்லை. பாத்திரங்கள், துணிமணி, அரிசி டிரம் எல்லாவற்றையும் முன்னறையில் அடுக்கி, நடுவில் இரண்டு பாய் போடுமளவுக்கு இடம் விட்டார்கள். தூசி வராமலிருக்க ஜன்னல்களில் பிளாஸ்டிக் தாள் ஒட்டினார்கள். காற்றும் வரவில்லை. காலை ஒன்பது மணிக்கு ப்ளைவுட் அறுக்கும் மிஷின் அலறத் தொடங்கினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் ஓயும். ஹாலில் தரையில் அடுப்பை வைத்து வடிவு சமைத்தாள். சோற்றிலும் பசை வாசம் அடித்தது.

ஒருநாள் தீபிகா சமையலறையில் அளவெடுத்துக்கொண்டிருந்தாள். டேப்பின் மறுமுனையை வடிவு பிடித்திருந்தாள். கார்பெண்டர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

“ஓவன் எனக்கு வேணாம்மா. அத்த எடுத்துட்டா கதவு நிக்குமே?”

தீபிகா டேப்பை விட்டாள். அது சுருட்டிக்கொண்டு வடிவின் கைக்கே வந்து சேர்ந்தது. தீபிகா டேப்லெட்டை எடுத்து வேறு படங்களைக் காட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றிலும் பின்கதவு இருந்தது. ஒன்றில் கதவுக்குப் பச்சைச் சாயமும் பக்கத்தில் உட்கார ஒரு மரப்பலகையும் போட்டிருந்தாள்.

“நான் இப்படித்தான் போட்டேன் ஆன்ட்டி. அப்பா இது ஒண்ணுதான் கேட்டார். எங்க ஆளுங்க வரப்போக இருப்பாங்க, அந்தப் பக்கம் வழி இருக்கக் கூடாதுன்னார். இதுக்கும் முடியாதுன்னா கல்யாணத்துக்கு நானும் வரமாட்டேன், உங்கம்மாவையும் விடமாட்டேன்னுட்டார். ராமுக்குத் தெரியாது. அங்கிளுக்கும்…”

தீபிகா திரையை அணைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தெரிந்தால் என்ன ஆகும் என்று வடிவுக்குத் தெரியும். முனிரத்தினம் அன்றைக்கே தட்டைக் கொண்டுபோய் முசரவாக்கத்தில் வீசிவிட்டு வருவார். ராமராஜன் இவளோடு எங்காவது போய்ப் பதிவு பண்ணிக்கொள்வான். இவள் அம்மா இவளைப் பார்க்க மாட்டாள். அக்காவுக்குத் தெரிந்தால் அவள் தெருவுக்கே சொல்லிவிடுவாள். பிறகு இந்தப் பெண்ணைப் பின்தெருவில் யார் ஏறெடுத்துப் பார்ப்பார்கள்?

“அழுவாத. மூஞ்சத் தொடைச்சிக்க, ஆளுங்க வந்துடுவாங்க” என்றாள் வடிவு. “நான்தான் கதவு வேணாம்னு சொன்னேன்னு இருக்கட்டும். யாரு கேட்டாலும் அதான்.”

டேப்பின் முனையை மறுபடி இழுத்துக் கொடுத்தாள்.

சுவர் எழுப்ப வந்தவன் சிட்டிபாபு. பின்தெருவில் நான்காவது வீட்டுக்காரன். இடுப்பளவு கட்டியிருந்தபோது கமலவேணி வாளியோடு வந்து நின்றாள்.

“இன்னாடி இது? அடுப்பங்கரைக்கு சமாதியா?”

“ஃப்ரிட்ஜ் வைக்க எடம் பத்தலக்கா.”

“எந்தப் பக்கம் நின்னு கட்டறதுன்னுதான் எனக்கு ரோசனை” என்றான் சிட்டிபாபு. “உள்ள நின்னா எம் பொண்டாட்டி சோறு போச்சி. வெளிய நின்னா முனிரத்தினம் மாமா கூலி போச்சி.”

“சுவத்து மேலயே குந்திக்க. காக்கா விரட்டலாம்” என்றாள் கமலவேணி.

ஈரச்சுவருக்கு மேலாக வாளி உள்ளே வந்தது. வடிவு நிரப்பி, இரண்டு கையாலும் தூக்கித் திருப்பிக் கொடுத்தாள்.

“நாளைக்கு?”

“சுத்தி வாக்கா.”

“கழனித்தண்ணியத் தூக்கிக்கினு உன் சோபா மேல நடந்து வரவா?” அக்கா சிரித்துக்கொண்டே போனாள்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சுவரில் பூச்சு காய்ந்தது. அதன்மேல் வெள்ளை அலமாரியின் சட்டங்கள் ஏறின. வடிவு போன் செய்தால், “ஆட்டுக்கு ஒடம்பு சரியில்ல”, “முட்டி வலி” என்று பதில் வந்தது.

எட்டாம் நாள் புதிதாக மாட்டிய காலிங்பெல் அடித்தது. தீபிகா போய்த் திறந்து, “வாங்க பெரியம்மா” என்றாள். கமலவேணி கல்யாணம் காட்சிக்குக் கட்டும் ஊதாப் புடவையில் நின்றாள். செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றியிருந்தாள். கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். அவள் அசையும்போதெல்லாம் உறை சத்தம் போட்டது.

“வூடு நல்லா இருக்குது” என்றாள் சுற்றிலும் பார்த்து. “நல்லா பண்ணியிருக்கீங்கம்மா.”

தீபிகா காபி கொண்டுவந்தாள். கமலவேணி ஆற்றாமல் சீக்கிரம் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தங்கையைப் பார்த்தாள்.

“கதவை நீயாடி எடுக்கச் சொன்ன?”

டம்ளரை எடுக்கக் குனிந்த தீபிகா அப்படியே நின்றாள்.

“ஆமாக்கா. நான்தான்.”

“இவங்க வூட்ல யாருன்னா சொன்னாங்களா?”

“அவங்க எதுக்குச் சொல்லப் போறாங்க? கொசுத் தொல்லைக்கா.”

“அவங்க சொல்லியிருந்தா எனக்கு ஒண்ணுமில்லடி. நாம பாக்காததா?” கமலவேணி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். “சரி. இனிமே போன் பண்ணிட்டு வரேன்.”

வடிவு கேட்வரை போனாள். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டில் நடந்தாள். முட்டி வலி பொய்யில்லை, லேசாகச் சாய்ந்துதான் நடந்தாள். மெயின் ரோடுவரை போய், வளைந்து, பின்தெருவுக்குள் நுழைந்து வீடு சேரக் கால்மணி நேரம் ஆகும். அதற்குள் ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம்.

உள்ளேயிருந்து கார்பெண்டர் கூப்பிட்டார். ஃப்ரிட்ஜ் பக்கத்து அலமாரிக் கதவு வலப்பக்கம் திறக்கணுமா, இடப்பக்கமா என்று கேட்டார்.

வடிவு உள்ளே போனாள்.